அப்பாவின் பாட்டுத் தொகுப்பு: நாஸ் பெட்டியில் எந்த மியூசிக் சர்வர்?

மொட்டைமாடி · ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். வீட்டில் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துத் தரும் பெட்டி) ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் முன்பு வாங்கியது, ரேம் 1 ஜிபிதான். அதில் அப்பாவின் பாட்டுத் தொகுப்பு முழுவதும் ஏற்றியிருக்கிறேன். ஏறக்குறைய 300 சிடிக்களைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றினேன். அவர் இருபது வருடமாகச் சேர்த்த எம்பி3 கோப்புகள் தனி. மொத்தம் 11,400 பாட்டு, 160 ஜிபி. பெரும்பாலும் சினிமாப் பாட்டு, கால்வாசி கர்நாடக சங்கீதம்.

இரண்டு தேவைகள். ஒன்று, ஹாலில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரில் அப்பா கேட்க வேண்டும். அவருக்கு 71 வயது. ஃபோனில் நாலு இடத்தில் தட்டித் தேடுவது அவருக்குச் சிரமம். இரண்டு, நான் ரயிலில் போகும்போது ஃபோனில் கேட்க வேண்டும்.

பெட்டியோடு வந்த டிஎல்என்ஏ சர்வரில் (வீட்டுக் கருவிகளுக்குப் பாட்டு, படம் அனுப்பும் பொது முறை) ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகப் பிரிந்து கிடக்கின்றன. பழைய எம்பி3 பலவற்றில் பெயர் கிறுக்கலாக வருகிறது. வேறு எந்த சர்வர் போட்டால் இது சரியாகும்?

வயர்ஷாப் · ஞாயிறு, இரவு 9.40

முதலில் சிப் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பொதியாக ஓட்டும் வசதி) ஓடுமா என்பதையும் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் யார் என்ன பரிந்துரைத்தாலும் பயனில்லை. பழைய ஏஆர்எம் சிப் பெட்டிகள் பலவற்றில் டாக்கர் கிடையாது.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிடி தரம் என்பது நொடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக்கில் அது இன்னும் சுருங்கும். எவ்வளவு பழைய நாஸும் இதைக் கொடுத்துவிடும். ரேம்தான் இடிக்கும்.

கல்லணை · திங்கள், காலை 6.50

ஹாலில் கேட்பதுதான் முக்கியம் என்றால் லிரியன் மியூசிக் சர்வர் போடுங்கள் தம்பி. நான் 2009 முதல் இதைத்தான் வைத்திருக்கிறேன், பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் பிளேயர்களுக்காக பேர்ல் மொழியில் எழுதிய சர்வர் இது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. ஆனால் சர்வர் திறமூலமாக இருந்ததால் பயனர்களே அதை எடுத்து நடத்துகிறார்கள். லிரியன் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான். பிளேயர் செய்வதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் கழித்தும் ஒரு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வருகிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதில் பாட்டு ஃபோனிலிருந்து போவதில்லை. சர்வரே பிளேயருக்கு அனுப்பும், ஃபோன் வெறும் ரிமோட். ஃபோனை எடுத்துக்கொண்டு நீங்கள் வெளியே போனாலும் ஹாலில் பாட்டு நிற்காது. பிளேயருக்கு ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று வாங்கி, அதில் பைகோர்பிளேயர் என்ற பிளேயர் மென்பொருளை ஏற்றி, ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் போதும். அது முழுவதும் ரேமில் ஓடுவதால் கரண்ட் போய் வந்தாலும் மெமரி கார்டு கெட்டுப்போகும் பயம் குறைவு. அப்பா சுவிட்சை அப்படியே அணைக்கலாம்.

டாக்கரில் போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நெட்வொர்க்கை ஹோஸ்ட் முறையில், அதாவது பெட்டியின் நெட்வொர்க்கையே நேரடியாகப் பயன்படுத்தும் முறையில் வையுங்கள். பிளேயர்கள் 3483 போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) குரல் கொடுத்துத்தான் சர்வரைத் தேடும். தனி உள் நெட்வொர்க் கொடுக்கும் பிரிட்ஜ் முறையில் வைத்தால் அந்தக் குரல் சர்வருக்கு எட்டாது. 9000 போர்ட்டில் பக்கம் திறக்கும், பிளேயர் மட்டும் தென்படாது. நான் இதில் இரண்டு நாள் செலவழித்தேன்.

தேன்மொழி_க · திங்கள், காலை 10.20

கல்லணை ஐயா சொன்னது ஹாலுக்குச் சரி. ரயிலில் கேட்பதற்கு நாவிட்ரோம் என்ற மியூசிக் சர்வர் என்பது என் கருத்து. கோ மொழியில் எழுதியது, ஒரே கோப்பு, தரவு முழுவதும் எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் இருக்கும். என் பெட்டி உங்களுடையதை விடப் பழசு, அதிலேயே திணறாமல் ஓடுகிறது. சப்சானிக் என்ற பொது இடைமுகத்தைப் பேசுவதால் ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஏகப்பட்ட செயலிகள் இதோடு சேரும். நான் சிம்ஃபோனியம் வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனால் வீட்டு வைஃபையிலேயே வேண்டிய ஆல்பங்களை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளும். சுரங்கப்பாதையில் சிக்னல் போனாலும் பாட்டு போகாது.

இரண்டு எச்சரிக்கைகள். பாட்டு இருக்கும் ஃபோல்டரை டாக்கர் பொதிக்கு (கன்டெய்னர்) வாசிக்க மட்டும் அனுமதியோடு கொடுங்கள். சர்வர் எதற்கும் உங்கள் கோப்பில் எழுதத் தேவையில்லை. இன்னொன்று, எஸ்கியூலைட் தரவுத்தளத்தை நெட்வொர்க் ஷேரில் வைக்காதீர்கள். பூட்டு முறை அங்கே ஒழுங்காக வேலை செய்யாது, ஒருநாள் கோப்பு உடையும். நாஸின் சொந்த டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

மொட்டைமாடி · செவ்வாய், இரவு 10.05

அனைவருக்கும் நன்றி. சிப் 64 பிட் ஏஆர்எம், டாக்கர் இருக்கிறது. நேற்று இரவு நாவிட்ரோம் போட்டேன். 4533 போர்ட்டில் உடனே வந்துவிட்டது. 11,400 பாட்டையும் ஸ்கேன் செய்து முடித்தது.

ஆனால் படங்கள் அதே மாதிரி துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. ஒரு படம் ஏழு ஆல்பமாக வருகிறது. டூயட் பாட்டுகளில் இரண்டு பாடகர்களும் சேர்ந்து மூன்றாவது ஒரு ஆளாகப் பட்டியலில் நிற்கிறார்கள். கிறுக்கல் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. சர்வரை மாற்றினால் சரியாகும் என்று நம்பினேன். இதற்கு ஜெல்லிஃபின் போடலாமா?

தேன்மொழி_க · செவ்வாய், இரவு 11.30

ஜெல்லிஃபின் வேண்டாம். வீடியோவுக்கு நல்ல சர்வர், 1 ஜிபி ரேமுக்குக் கனம். கோளாறு சர்வரில் இல்லை, டேக்கில், அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களில் இருக்கிறது.

ஆங்கில ஆல்பத்தில் பெரும்பாலும் பத்துப் பாட்டையும் ஒருவரே பாடியிருப்பார். மியூசிக் சர்வர்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் பிறந்தவை. நம் சினிமா ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு. ஆல்பம் ஆர்டிஸ்ட் என்று தனியாக ஒரு டேக் உண்டு. அது காலியாக இருந்தால் நாவிட்ரோம் பாட்டின் ஆர்டிஸ்டையே ஆல்பத்துக்கும் எடுத்துக்கொள்ளும். ஆறு பாட்டு, ஆறு பாடகர், ஆக ஆறு ஆல்பம். ஒரு படத்தின் எல்லாப் பாட்டுக்கும் ஆல்பம் ஆர்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ஒன்றில் இனிஷியலுக்குப் பின் புள்ளி இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டாலும் இரண்டு ஆல்பம் ஆகிவிடும். வெளியீட்டுத் தேதி டேக் பாட்டுக்குப் பாட்டு வேறாக இருந்தாலும் பிரியும். இணையத்திலிருந்து டேக் நிரப்பியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அந்த ஏழில் ஒன்று அதனால் வந்திருக்கலாம்.

டூயட்டுக்கு: பாடகர் பெயர்களைக் காற்புள்ளியால் பிரித்திருப்பீர்கள். நாவிட்ரோம் காற்புள்ளியைப் பிரிப்பானாக எடுப்பதில்லை, அரைப்புள்ளியும் இடைவெளியும் இருந்தால் பிரிக்கும். எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால் சில நிமிட வேலை. மாற்றும் முன் இனிஷியல் வரிசையில் காற்புள்ளி போட்டு எழுதிய பெயர்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லணை · புதன், காலை 6.30

லிரியனில் ஒரே ஃபோல்டருக்குள் ஒரே ஆல்பம் பெயர் இருந்தால் பலர் பாடிய தொகுப்பு என்று அதுவே புரிந்துகொள்ளும். இத்தனை துண்டு ஆகாது. ஆனால் தேன்மொழி சொல்லும் வேலையைச் செய்துவிட்டால் எந்த சர்வருக்குப் போனாலும் கூடவே வரும். எனவே செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். இசையமைப்பாளரை ஆல்பம் ஆர்டிஸ்டில் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். கம்போசர் டேக்கிலும் போடுங்கள். இசையமைப்பாளரே பாடிய பாட்டு நிறைய இருக்கிறது. அவர் பாடியதை மட்டும் கேட்க வேண்டும் என்றால் ஆர்டிஸ்ட் வழியாகவும், இசையமைத்ததைக் கேட்க கம்போசர் வழியாகவும் போக முடிய வேண்டும்.

கர்நாடக சங்கீதத்தில் இது தலைகீழ். அங்கே ஆல்பம் ஆர்டிஸ்ட் பாடகரோ வாத்தியக்காரரோதான். கம்போசர் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி. சினிமாவுக்குப் போட்ட விதியை அந்தக் கால்வாசிக்கும் ஒரே அடியாகப் போட்டால் எல்லாக் கச்சேரியும் தியாகராஜர் பெயரில் போய் உட்காரும். ஒரு நண்பர் வீட்டில் இது நடந்து, திருப்பிச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது.

ராகத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட டேக் கிடையாது. மியூசிக்பிரெயின்ஸ் என்ற இசைத் தகவல் தளத்தில் கிருதிகளுக்கு ராகமும் தாளமும் குறிக்கத் தனி இடமே வைத்திருக்கிறார்கள், ஆனால் கோப்பு டேக்கில் அதற்கான பொது வழக்கம் வரவில்லை. நான் ஜானர் (இசை வகை) டேக்கில் ராகத்தைப் போடுகிறேன். "கர்நாடகம்" என்று ஒன்று, "காம்போதி" என்று இரண்டாவது. எல்லா சர்வரும் ஜானர் வழியாகத் தேட விடும். காலையில் எழுந்து பூபாளம் மட்டும் கேட்கலாம் என்றால் இரண்டு தட்டில் வந்துவிடும்.

பழைய படப் பெயரையே புதுப் படத்துக்கும் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு அல்லவா? அப்படிப்பட்ட ஆல்பங்களில் பெயரோடு வருடத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

பழைய_எழுத்துரு · புதன், மதியம் 2.10

கிறுக்கல் பெயர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது என் பக்கத்து வேலை, சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் எழுதப் பல குறியேற்றங்கள் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறைகள்) இருந்தன. இணையக் குழுக்களில் டிஸ்கி, தமிழ்நாடு அரசு 1999இல் தரமாக்கிய டாம், டாப், இலங்கையில் பெரிதும் பாமினி. அந்தக் காலத்தில் டேக் அடித்தவர்கள் இவற்றில் ஒன்றில் அடித்திருப்பார்கள். இன்றைய சர்வர் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எண்ணிப் படிக்கிறது. அதனால்தான் கொம்பும் வாலுமாக வருகிறது. எழுத்துகள் தொலையவில்லை, தவறாகப் படிக்கப்படுகின்றன. மீட்கலாம்.

முதலில் எந்தக் குறியேற்றம் என்று பாருங்கள். ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகப் பொருளில்லாமல் வந்தால் பாமினி. மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிறைய வந்தால் டிஸ்கி அல்லது டாப், டாம் வகை. ஓபன்-தமிழ் என்ற பைதான் நிரலகத்தில் இவை எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. லினக்ஸின் ஐகான்வ் கருவிக்கும் டிஸ்கி தெரியும். ஐகான்வ் வழியாகப் போவதானால், கிறுக்கலை முதலில் விண்டோஸ் 1252 குறியேற்றத்தில் பைட்டுகளாகத் திருப்ப வேண்டும், பிறகுதான் டிஸ்கியிலிருந்து மாற்ற வேண்டும். இந்த முதல் படியை விட்டுவிட்டுத்தான் பலர் "மாறவில்லை" என்கிறார்கள்.

மாற்றிய பின், எம்பி3 டேக்கின் வடிவமான ஐடி3இல் பதிப்பு 2 ஆகச் சேமியுங்கள், பழைய பதிப்பு 1 டேக்கை நீக்கிவிடுங்கள். பதிப்பு 1இல் தலைப்புக்கு 30 பைட்தான். யூனிகோடைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "கா" என்பதில் க ஒன்று, கால் ஒன்று, ஆக 6 பைட். அதனால் அங்கே பத்துக் குறிக்கு மேல் இடமே இல்லை, பாதியில் வெட்டுப்படும்.

இதே கணக்கு கோப்புப் பெயருக்கும் உண்டு. லினக்ஸ் டிஸ்க்கில் ஒரு பெயருக்கு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறி. ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய ஃபோல்டராக இருந்தால் 143 பைட், வெறும் 47 குறி. பாட்டின் முதல் வரி, படம், பாடகர் எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் எழுதும் பழக்கம் இருந்தால் நகலெடுக்கும்போது கோப்பு விடுபடும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கோப்புகளில் ஏதாவது பழைய மேக் வழியாக வந்ததா?

மொட்டைமாடி · புதன், இரவு 9.50

ஆமாம், சிடி மாற்றியது முழுவதும் பழைய மேக்கில்தான். ஏன் கேட்டீர்கள்? இப்போது நினைவுக்கு வருகிறது. "கொ", "போ" வரும் படங்களை நாஸில் ஃபோல்டர் பெயரால் தேடினால் சில நேரம் அகப்படுவதில்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

பழைய_எழுத்துரு · புதன், இரவு 10.25

அதேதான். யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறி, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற டிஸ்க் முறை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் அடிப்பது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். நாஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒ, ஓ, ஔ மூன்றின் குறிகளுக்கும் இது பொருந்தும்.

கான்வ்எம்வி என்ற கருவி ஃபோல்டர் முழுவதையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். முதலில் ஒத்திகை ஓட்டிக் காட்டும், பிறகு நீங்கள் சொன்னால்தான் மாற்றும். இனிமேல் அந்த மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற கருவியால் நகலெடுத்தால் அதன் ஐகான்வ் விருப்பத்தைப் போடுங்கள்.

வயர்ஷாப் · வியாழன், மாலை 7.00

இத்தனை மாற்றமும் செய்யப் போகிறீர்கள் என்றால் இப்போதே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் முழு நகல் எடுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்ட் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தவறாக மாற்றிய டேக்கும் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்பட்டுவிடும். நகலைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

ரயிலில் கேட்க ரூட்டரில் போர்ட் திறந்து வெளி இணையத்துக்கு வழி விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயமென்பொருள், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. குடும்பப் படங்களையே இழந்தவர்கள் உண்டு. அது மட்டுமல்ல, நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, பல வீடு ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும். போர்ட் திறந்தாலும் எட்டாது. டெயில்ஸ்கேல் போடுங்கள், உங்கள் கருவிகளை மட்டும் தங்களுக்குள் இணைக்கும் விபிஎன். வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறையின் அடிப்படையில்தான் ஓடுகிறது, இந்தச் சிக்கலையும் தாண்டிவிடும். ஃபோனிலும் நாஸிலும் ஏற்றினால் வேலை முடிந்தது. மொபைல் டேட்டாவில் கேட்கும்போது நாவிட்ரோமில் ஓபஸ் என்ற சுருக்க வடிவில் 128 கிலோபிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், யூபிஎஸ். யூஎஸ்பி கேபிளால் நாஸோடு பேசும் வகையாகப் பாருங்கள். கரண்ட் போனால் பெட்டி தானாக ஒழுங்காக அணைய வேண்டும். ஸ்கேன் நடுவில் கரண்ட் போய்த் தரவுத்தளம் கெட்ட கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

மொட்டைமாடி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் நகல் எடுத்தேன். பிறகு கான்வ்எம்வி ஓட்டினேன். இரட்டை ஃபோல்டர் 41 இருந்தது, கையால் பார்த்து ஒன்றாக்கினேன். கிறுக்கல் டேக்குகளில் பெரும்பகுதி டிஸ்கி. இலங்கையிலிருந்து சித்தப்பா கொடுத்த ஒரு தொகுப்பு மட்டும் பாமினி. ஓபன்-தமிழ் வைத்து ஒரு இரவில் மாறிவிட்டன. சுமார் 200 பாட்டு எதிலும் சேரவில்லை, அவற்றைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஆல்பம் ஆர்டிஸ்ட் வேலை இரண்டு வாரம் பிடித்தது. அதை நான் தனியாகச் செய்யவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். படப் பெயரை நான் படிப்பேன், இசையமைப்பாளர், வருடம், எந்தத் தியேட்டரில் பார்த்தார் என்பதுவரை அவர் சொல்வார். நாற்பது படங்களில் இணையத்தில் இருந்த வருடத்தை அவர் மறுத்தார். சிடி அட்டையோடு ஒப்பிட்டதில் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி.

இப்போது லிரியனும் நாவிட்ரோமும் இரண்டுமே நாஸில் ஓடுகின்றன. ஒரே ஃபோல்டரை இரண்டும் வாசிக்க மட்டும் செய்கின்றன. 1 ஜிபி ரேமில் இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்தால் பெட்டி திணறுகிறது. அதனால் ஒன்றை இரவு 2 மணிக்கும் இன்னொன்றை 4 மணிக்கும் வைத்துவிட்டேன். மற்ற நேரத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ஹாலில் ராஸ்பெரி பை, கல்லணை ஐயா சொன்ன மாதிரியே. ஹோஸ்ட் நெட்வொர்க் வைத்ததும் பிளேயர் உடனே தெரிந்தது. அப்பாவுக்காக ஒரு பழைய டேப்லெட்டில் லிரியன் பக்கத்தைத் திறந்து சுவரில் மாட்டியிருக்கிறேன். காலையில் ராக வரிசையில் போய் அவரே போட்டுக்கொள்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அப்பா பாடலாசிரியர் வாரியாகக் கேட்க வேண்டும் என்கிறார். ஒரே கவிஞர் பல இசையமைப்பாளர்களுக்கு எழுதியதை வரிசையாகக் கேட்க அவருக்கு ஆசை. இதற்கு டேக் உண்டா?

தேன்மொழி_க · ஞாயிறு, மாலை 6.15

உண்டு. லிரிசிஸ்ட் என்றே ஒரு டேக் இருக்கிறது, எம்பி3டேக்கிலும் பிக்கார்ட் என்ற டேக் மென்பொருளிலும் நிரப்பலாம். நாவிட்ரோமின் இப்போதைய பதிப்புகள் அதைப் பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும், கலைஞர் பட்டியலிலும் பாடலாசிரியராக வரும். ஆனால் அந்தப் பெயர்களைப் பழைய சிடி அட்டைகளில்தான் பார்க்க வேண்டியிருக்கும், இணையத்தில் முக்கால்வாசி இருக்காது. அப்பாவை மறுபடியும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி · ஞாயிறு, மாலை 6.40

கேட்டதும் எழுந்து போய் சிடி பெட்டியை எடுத்து வந்துவிட்டார். இன்று இரவே 1960களிலிருந்து தொடங்குகிறோம்.